அழுத்தினால் மறையும் நீலம்

டாக்டர் என் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, இடது ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் தகட்டை வைத்து அழுத்தினார். பக்கத்தில் நின்ற தாதி முகக்கண்ணாடியை என் முன்னால் நீட்டினார். நாவற்பழ நிறத்தில் இருந்த கட்டி, தகட்டுக்கு அடியில் வெளுத்துப்போயிருந்தது. தகட்டை எடுத்ததும் நீலம் மெதுவாகத் திரும்பி வந்தது.

"பாத்தீங்களா? ரத்தம்தான். அழுத்தினா ஓடிடும், விட்டா திரும்பி வந்துரும். ரத்தக்குழாய் அந்த எடத்துல தாறுமாறா வளந்திருக்கு, அவ்வளவுதான்."

எனக்கு அது புதிய செய்தி இல்லை. பத்து வயதிலேயே தெரியும். சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு என் வயதுதான் இருக்கும். முப்பத்தைந்து தாண்டியிருக்கும், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவீர்கள். நம்மை வளர்த்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "பாவம், அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்று சொல்லி முடித்துவிடுவது நமக்குப் பழக்கம். நானும் அப்படித்தான் முடித்து வந்தேன். இந்த வருடம் முடியவில்லை. நான் அநியாயமாகப் பேசுகிறேனோ என்று ஒவ்வொரு வரிக்கும் தோன்றுகிறது. தோன்றட்டும். எழுதிவிட்டுப் பிறகு யோசிக்கிறேன்.

நாங்கள் அப்போது ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடியில், பதினோராவது மாடியில் இருந்தோம். பதின்மூன்றாவது மாடியில் அத்தை, அப்பாவின் அக்காள். பாயான் பாருவை ஒட்டிய மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கினால் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். சட்டிகளின் மூடியைத் திறந்து பார்த்து, "உப்பு பத்தாது போல இருக்கே" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார். சட்டியில் நாக்கை வைக்காமலே உப்பு அளவு தெரிந்த பெண்மணி. அப்பா கொள்கலன் லாரி ஓட்டியதால் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அம்மா எதற்கும் வாய் திறக்கமாட்டார். ஆகவே வீடு அத்தையுடையது.

என் நாக்கின் ஓரத்தில் அந்தப் பொட்டு பிறக்கும்போதே இருந்ததாம். கடுகளவாக இருந்து, பள்ளிக்குப் போகும் வயதில் மிளகளவாகி, நாலாம் ஆண்டில் பட்டாணி அளவுக்கு வந்துவிட்டது. வலிக்காது. மெத்தென்று இருக்கும். பாடம் புரியாத நேரங்களில் பல்லால் அதை லேசாக உருட்டிக்கொண்டிருப்பேன். அதற்குப் பெயர் வைத்தது அத்தைதான். கருநாக்கு. சொன்னால் பலிக்கும் நாக்கு.

காரணம் எங்கள் லிப்ட். ஒருநாள் சந்தைக்குப் போகும் வழியில், "அத்தை, இன்னைக்கு லிப்ட் நின்னுரும்" என்றேன். நாலாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. அந்த லிப்ட் வாரத்துக்கு இரண்டு முறை நிற்கும். மூத்திர நாற்றத்தில் அரைமணி நேரம் நின்றது எங்களுக்கு அது முதல் தடவையும் இல்லை. ஆனால் அந்த ஒரு தடவை மட்டும் குற்றவாளி கிடைத்துவிட்டாள். அத்தை இருட்டில் என் தாடையைப் பிடித்து, "நாக்க நீட்டு" என்றார். நீட்டினேன். பொத்தான் விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில் அவர் குனிந்து பார்த்தது இப்போதும் நினைவிருக்கிறது.

பிறகு நாலு நம்பர் லாட்டரி வந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் நாசி கண்டார் சோற்றுக் கடையில் குழம்பு ஊற்றுகிறவர். அத்தை சொல்லக் கேட்டு வாசலில் வந்து குந்திக்கொண்டார்.

"பாப்பா, அண்ணனுக்கு ஒரு நாலு நம்பர் சொல்லு."

"என்ன நம்பர்?"

"ஒனக்கு என்ன வாயில வருதோ அது. யோசிக்காதலா, யோசிச்சா கெட்டுடும்."

என் புத்தகப்பையில் எழுதியிருந்த பதிவு எண்ணைச் சொன்னேன். ஏதோ ஆறுதல் பரிசு விழுந்துவிட்டது. ஒரு பெரிய டின் பிஸ்கட் வாங்கி வந்தார். நீல மூடியில் பனிமலைப் படம் போட்ட டின். அதன் பிறகு சனிக்கிழமை காலைகளில் எங்கள் வாசலில் செருப்புகள் கூடின. பெரியவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் சொல்லி வராத நம்பர்களைப் பற்றி யாரும் மூச்சுவிட்டதில்லை. அவற்றைக் குழந்தை விளையாட்டாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வருடம்தான் பள்ளிக்குப் பல் மிஸ்ஸி வந்தார். தாதியரை நாங்கள் மிஸ்ஸி என்போம். நூலகத்தில் மடக்கு நாற்காலியை விரித்து, எங்களை வரிசையில் நிற்கவைத்துப் பல் எண்ணுவார். மலாய்க்காரர். கையுறையில் கிராம்பு எண்ணெய் வாசம் வரும். "புக்கா மூலுட், ஆடிக்" என்று வாயைத் திறக்கச் சொன்னவர், எண்ணிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தினார். குட்டிக் கண்ணாடியின் பின்பக்கத்தால் என் நாக்கின் ஓரத்தை அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார். நான் மிரண்டு பார்ப்பதைக் கண்டு, இன்னொரு கண்ணாடியை என் கையில் கொடுத்து, பார் என்று சைகை காட்டினார். கறுப்பு போயிற்று. கறுப்பு வந்தது. ரத்தம், ஒன்றும் பயமில்லை, ஆனால் பெரிய மருத்துவமனையில் காட்ட வேண்டும் என்று மலாயில் சொல்லி, ஒரு கடிதம் எழுதி உறையில் ஒட்டி, அம்மாவிடம் கொடு என்றார்.

வீட்டுக்கு ஓடினேன். அப்பாவின் தடித்த காப்பிக் கிளாஸை எடுத்து, நாக்கை நீட்டி, கிளாஸின் அடிப்பக்கத்தால் அழுத்தி, அத்தையின் முன்னால் நின்றேன். எச்சில் முழங்கை வரை வழிந்தது.

"பாருங்க அத்தை! கறுப்பு இல்ல, ரத்தம்! அழுத்தினா காணாம போயிருது!"

அத்தை குனிந்து பார்த்தார். இரண்டு மூன்று முறை செய்யச் சொன்னார். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா? அழுத்தினா ஒளிஞ்சிக்கிது. என்னா வெவரம் பாரு அதுக்கு" என்றார்.

கடிதத்தை அத்தைதான் பிரித்துப் படித்தார். "ஆஸ்பத்திரியில வெட்டிருவாங்க. வீட்டுக்கு நல்லது செய்யிறத யாராச்சும் வெட்டுவாங்களா?" என்று மடித்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினார். பனிமலைக்கு அடியில். அந்த டின் இப்போது எங்கே என்று அம்மாவுக்கும் தெரியாது.

வீட்டுக்கு நல்லது என்று அத்தை சொன்னதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்து அவர் கர்ப்பமாக இருந்தார். தினமும் வேலை விட்டு வந்து எங்கள் நாற்காலியில் சாய்ந்து, என் வலது கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொள்வார். உருகிய ஈயத்தின் வாசம் அவர் சீருடையில் இருக்கும். "சொல்லு." நான் சொல்வேன்: "பாப்பா நல்லா பொறக்கும்." மூன்று முறை சொல்ல வேண்டும். சில நாட்களில் உள்ளே ஏதோ ஒன்று என் உள்ளங்கையைத் தட்டும். அத்தை சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தீபாவளி முடிந்து, ஆண்டு இறுதி விடுமுறை தொடங்கிய வாரம். ஒரு புதன்கிழமை. அத்தை அன்று வேலைக்குப் போகவில்லை. எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார், கையை எடுத்து வைக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் போய் வைத்தேன். எவ்வளவு நேரம் வைத்திருந்தும் ஒன்றும் தட்டவில்லை.

"அத்தை, பாப்பா தூங்குது. அசையவே இல்ல."

அத்தை என் கையைத் தட்டிவிட்டார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வியாழக்கிழமை அத்தை மருத்துவமனைக்குப் போனார். சனிக்கிழமை வெறும் கையோடு வந்தார். எங்கள் கூடத்தில் அத்தையின் கணவரான மாமா, அப்பா, பக்கத்து வீட்டு அண்ணன், இன்னும் யாரோ. எல்லார் முன்னாலும் அத்தை என்னைக் காட்டினார்.

"இவதான். இவ நாக்குதான். புதன்கிழமை தொட்டுச் சொன்னா, வியாழக்கிழமை போச்சு. கேளுங்க இவள, சொன்னாளா இல்லையான்னு!"

மாமா என்னைக் கேட்டார். சாந்தமான மனிதர். "சொன்னியாம்மா?"

சொன்னது உண்மைதானே. தலையாட்டினேன்.

"இந்த நாக்குக்குச் சூடு போடணும்" என்று அத்தை அடுப்படிக்குள் போய் ஒரு கரண்டியை எடுத்து நெருப்பில் காட்டினார். அப்பா ஓடிப்போய்ப் பிடுங்கி எறிந்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து அது 'சுர்' என்றது. அம்மா குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டியை மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அம்மா கீழே பார்த்ததை மறக்கவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைச் செருப்புகள் வரவில்லை. கல்யாண வீடுகளுக்கு என்னைக் கூட்டிப்போவதில்லை. கூட்டிப்போனால் வாயில் ஒரு மிட்டாயைத் திணித்து, தீரும்வரை பேசாதே என்பார்கள். கர்ப்பிணிகள் என்னைக் கண்டால் லிப்ட்டில் ஏறாமல் அடுத்ததுக்குக் காத்திருந்தார்கள். அந்தக் கடிதத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை. ஒரு குழந்தையைக் கொன்ற நாக்கை மருத்துவமனைக்கு எடுத்துப்போய்க் காட்ட எனக்குப் பயம். ரத்தம்தான் என்று தெரிந்த அதே பிள்ளைதான் இதையும் நம்பினாள். இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு படித்தேன், பட்டம் வாங்கினேன், வேலைக்குப் போனேன்.

நாளையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்று ஒரு பழக்கம் வந்தது. யார் எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பேன். அலுவலகத்தில் என்னை நிதானமானவள் என்று நினைக்கிறார்கள். மகள் வயிற்றில் இருந்தபோது வயிற்றோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கணவர் குனிந்து கதை சொல்வார், பாட்டுப் பாடுவார். "நீயும் ஏதாச்சும் பேசேன், அது கேக்கும்லா" என்பார். கேட்கும் என்பதால்தான் பேசவில்லை. அந்த மாதங்களில் கட்டியும் வளர்ந்து நாவற்பழம் அளவுக்கு வந்துவிட்டது. கர்ப்பத்தில் அப்படி வளர்வது உண்டென்று இப்போது டாக்டர் சொல்கிறார். அப்போது எனக்கு வேறு அர்த்தம் தோன்றியது.

இந்த வருடம் மகள் ஒன்றாம் ஆண்டு சேர்ந்தாள். ஒரு மாலை முறுக்கைக் கடித்துக்கொண்டே அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தபோது கட்டியைக் கடித்துவிட்டேன். கணக்குப் புத்தகம் முழுக்க ரத்தம். துணியை வைத்து அழுத்தியும் இருபது நிமிடம் நிற்கவில்லை. மகள் அலறினாள். மறுநாளே மருத்துவமனைக்குப் போனேன்.

டாக்டர் என் வயதுதான், தமிழ்ப் பெண். "சின்ன வயசுல யாரும் பாக்கலையா?" என்றார்.

"ஸ்கூல் மிஸ்ஸி பாத்தாங்க. லெட்டர் குடுத்தாங்க."

"அப்பறம்?"

"தொலைஞ்சு போச்சு."

கத்தி வைத்தால் ரத்தம் கொட்டும், லேசர் என்றால் அந்த ஒளி ரத்தத்தின் நிறத்தைத்தான் முதலில் பிடிக்கும், உள்ளேயே ரத்தம் உறைந்து கட்டி சுருங்கிவிடும், தையல் வேண்டாம் என்று விளக்கினார். ஒரே தடவையில் முழுதும் போகாமலும் இருக்கலாம், மறுபடி செய்யவேண்டி வரலாம் என்றும் மறைக்காமல் சொன்னார். நான் வீட்டில் எழுதி வைத்த பதினேழு கேள்விகளையும் கேட்டேன். பதினெட்டாவதாக, "டாக்டர், இது சூடு போடுற மாதிரிதானே?" என்றேன்.

அவர் யோசித்தார். "ஒரு வகையில ஆமா. ஆனா மரத்துப்போக ஊசி போட்டுட்டு. உங்கள கேட்டுட்டு."

அறையில் எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள், எனக்கும். பேனா போன்ற ஒன்றின் முனையிலிருந்து ஒளி வந்தது. அதன் முனை நாக்கைத் தொடவில்லை, சற்று மேலேயே வட்டமிட்டது. இயந்திரம் விட்டுவிட்டுக் கூவியது. தலைமுடி கருகுவதுபோல லேசான வாடை. வலியில்லை. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முகக்கண்ணாடியில் காட்டினார்கள். நாவற்பழம் சாம்பல் வெள்ளையாகச் சுருங்கிக் கிடந்தது. டாக்டர் அழுத்தினார். நிறம் மாறவில்லை. ஓடிப்போக அதற்குள் ஒன்றும் இல்லை.

வலி அன்று இரவு வந்தது. நாக்கு வீங்கி வாயை நிறைத்தது. மூன்றாம் நாள் அம்மா கஞ்சி கொண்டு வந்தார். அப்பா இறந்த பிறகும் அதே பதினோராவது மாடியில்தான் இருக்கிறார். அத்தையும் பதின்மூன்றில். மாமா இல்லை.

"நாக்க காட்டு" என்றார் அம்மா. காட்டினேன். வெகு நேரம் பார்த்தார்.

"போயிருச்சா?"

தலையாட்டினேன்.

"முழுசா?"

மறுபடி தலையாட்டினேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் என் முன்னால் அவர் அவ்வளவு தளர்வாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அப்ப ஒண்ணு சொல்லணும் உங்கிட்ட. அத்தை பிள்ள சமாச்சாரம். செவ்வாக்கெழமையே டாக்டரு பாத்துட்டாரு. துடிப்பு இல்லன்னுட்டாரு. வியாழக்கெழமை வந்து வார்டுல சேரச் சொன்னாங்க. கூடப் போனது நான்தான்."

நான் சொன்னது புதன்கிழமை.

"மாமாகிட்டகூட அவங்க சொல்லல. வேலைய விடச் சொல்லி மாமா வீட்டுல அவ்ளோ சண்டை, இவங்கதான் விடமாட்டேன்னு போனாங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நம்ம வீட்டுல வந்து ஒக்காந்திருந்தாங்க. அப்பதான் நீ வந்து கைய வெச்சு..." அம்மா நிறுத்தினார். "அவங்களுக்கு ஒரு வழி கெடச்சுது."

வீங்கிய நாக்கோடு பேச முடியவில்லை. மகளின் பயிற்சிப் புத்தகத்தை இழுத்து எழுதிக் காட்டினேன். *இருபத்தஞ்சு வருஷம். ஏன் சொல்லல?*

அம்மா அதைப் படித்துவிட்டு, இதையெல்லாம் விளக்க வேண்டுமா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"எப்படிச் சொல்றது? நீ கோவத்துல எதாச்சும் சொல்லிட்டா? அத்தைய, என்னைய? அந்த நாக்கு இருக்கும்போது எப்படி லா சொல்றது?"

கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். பாத்திரம் துலக்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினார்கூட. என்னைப் பெற்றவர், செவ்வாய்க்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் வித்தியாசம் தெரிந்தவர், இத்தனை காலமும் என்னைப் பார்த்துப் பயந்து வாழ்ந்திருக்கிறார். இதைப் பாவம் என்று சொல்லச் சொல்கிறீர்களா? எனக்குச் சொல்ல வரவில்லை. நான் குழந்தை பெற்றபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மகளுக்கு வயிற்றுக்குள் என் குரல் தெரிந்திருக்கும்.

மூன்று வாரத்தில் புண் ஆறியது. பொருக்கு உதிர்ந்து, அந்த இடம் பிள்ளை நாக்குபோல வழவழப்பாக இருக்கிறது. பல்லால் உருட்ட ஒன்றுமில்லாமல் தடுமாறுகிறேன்.

மகளின் பள்ளியில் விளையாட்டுப் போட்டி. முந்தின நாள் சாயங்காலம், "நாளைக்கு மழை வருமா அம்மா?" என்று கேட்டாள். பார்ப்போம் என்று வாய்வரை வந்துவிட்டது.

"வராது" என்றேன். "நல்ல வெயிலடிக்கும். நீ ஓடி ஜெயிப்ப."

காலை எட்டு மணிக்கு வானம் உடைந்து கொட்டியது. திடல் குளமாயிற்று. போட்டியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். வெள்ளைக் காலணி சேறாகி, காரில் உட்கார்ந்து மகள் என்னை முறைத்தாள். "அம்மா சொன்னா எதுவுமே நடக்காது."

சிரித்துச் சிரித்துக் கார் சாவியைத் துளைக்குள் விட முடியவில்லை எனக்கு. வீட்டுக்கு வந்ததும் அவள் பாட்டிக்குப் போன் போட்டு என்னைப் பற்றிப் புகார் சொன்னாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

அம்மாவின் குரலில் அவ்வளவு நிம்மதி. "பாத்தியா? லேசரு நல்லா வேலை செஞ்சிருக்கு. இப்ப நீ சொன்னதுக்கு நேர்மாறால்ல நடக்குது."

நான் வெகு நாளாக மரியாதையான பெண். அப்போதும் ஒருமுறை யோசித்தேன், வேண்டாமோ என்று. பிறகு அத்தையின் உடம்பு எப்படி என்று விசாரித்தேன்.

"முட்டி வலின்னு படுத்திருக்காங்க. ஏன்?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்கம்மா. அத்தை சீக்கிரம் எந்திரிச்சு நடப்பாங்க. ரொம்ப நாளைக்கு நல்லா இருப்பாங்க."

போனில் மழை மட்டும் கேட்டது, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்.

"ஏன்டி" என்றார் அம்மா கடைசியில், மிக மெதுவாக. "ஏன் அப்படிச் சொல்ற?"